பேராதனைக்கு வழி எது?

(அட்டன் நகரில் ஆசிரியர்களும் தொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

     

பல்கலைக்கழகத் தலைமை என்னும் பொருள்பற்றி இன்று பேச எழுந்துள்ளோம். நாட்சம்பளம், வீட்டுக்காணி, உரவிலை, கொழுந்தின் நிறை என்று பேசவேண்டியவை மலைபோலக் குவிந்து கிடக்க, துணைவேந்தரைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், நாட்சம்பளத்தை நிர்ணயிக்கும் மேசையில் உட்காருகின்றவர் யார்? காணி உறுதியை எழுதுகின்றவர் யார்? நோயுற்ற பிள்ளைக்கு மருந்தெழுதுகின்றவர் யார்? இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலைக் கடந்து வந்தவர்கள். அந்த வாசலைக் காப்பவருக்குத்தான் துணைவேந்தர் என்று பெயர். வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்று கேட்பது நமது உரிமை, கடமையுங்கூட.

அட்டனில் இரயில் ஏறிக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் எவரும் நாவலப்பிட்டியையும் கம்பளையையும் கடந்து பேராதனைச் சந்தியை அடைவர். இந்தப் பாதை வழியாகத்தான் நம் உழைப்பின் விளைவான தேயிலை பெட்டி பெட்டியாகத் துறைமுகம் சென்றது. பேராதனையிலே பல்கலைக்கழகம் எழுந்த பின்னரும் தேயிலை சென்றது. நம் பிள்ளைகள் மட்டும் அந்தச் சந்தியில் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை? இதற்கு விடை காணவேண்டுமானால், அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பிய ஒரு மனிதரின் வாழ்க்கையை நாம் ஆராய்ந்தாக வேண்டும். அவர் சேர் ஐவர் ஜெனிங்ஸ்.

பிரிஸ்டல் முதல் பேராதனை வரை

ஜெனிங்ஸ் 1903ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தவர். செல்வச் செழிப்பில் வளர்ந்தவர் அல்லர். உழைத்துண்ணும் குடும்பத்திற் பிறந்து, புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் வரை ஏறியவர். சட்டம் பயின்றார், லீட்சிலும் பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் சட்டம் கற்பித்தார். 1933இல் சட்டமும் அரசியலமைப்பும் பற்றியும், 1936இல் அமைச்சரவை ஆட்சி பற்றியும், 1939இல் பாராளுமன்றம் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் எல்லாம் சட்ட மாணவர்களின் கைந்நூல்களாயின. நாற்பது வயது நிரம்புவதற்கு முன்னரே இத்தனையும் செய்து முடித்தவர் அவர்.

1941இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இலங்கைக்கு வந்தார். அக்கல்லூரி 1921இல் நிறுவப்பட்டது. அதன் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளை எழுதியே பட்டம் பெற்று வந்தார்கள். நமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலோ மிகப் பழையது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் 1906ஆம் ஆண்டு முதலே அதற்காகச் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பின்னர், கொழும்பிலா கண்டியிலா என்ற இடச்சண்டையிலேயே பல ஆண்டுகள் வீணாகக் கழிந்தன.

வந்தவர் காலத்தை வீணாக்கவில்லை. 1942 ஏப்ரலிலே யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. அதே ஆண்டு ஜூலை முதலாந் தேதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. போரைக் காரணங்காட்டித் தள்ளிப்போட எத்தனையோ வசதி இருந்தும் அவர் தள்ளிப்போடவில்லை. 904 மாணவர்களோடு தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் துணைவேந்தராக 1955 வரை பணியாற்றினார்.

அவர் செய்தவற்றுள் மூன்றை எடுத்துச் சொல்வோம்.

முதலாவது, பல்கலைக்கழகத்தை அரசாங்கத்தின் ஒரு திணைக்களமாக ஆகவிடாமற் காத்தது. 1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கென மன்றத்தையும் பேரவையையும் மூதவையையும் வகுத்துக் கொடுத்தது. பணத்தை அரசு தரும். பாடத்தையும் பட்டத்தையும் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும் என்ற எல்லைக்கோட்டை அவர் கண்ணுங் கருத்துமாகக் காத்தார்.

இரண்டாவது, தமிழுக்கும் அங்கே ஓர் ஆசனம் இருந்தது. 1943இல் சுவாமி விபுலாநந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய பெருமகன் அவர். அவருக்குப் பின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அந்த ஆசனத்தை அணி செய்தார்.

மூன்றாவது, பேராதனை. மகாவலி கங்கைக் கரையில், நியூ பெரதெனியா என்ற தோட்டமாக இருந்த நிலத்திலே, பேட்ரிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே ஆகியோரின் திட்டப்படி, செர்லி டி அல்விஸ் என்ற கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தில் ஒரு கல்விநகர் எழுந்தது. 1952இல் பல்கலைக்கழகம் அங்கே குடியேறியது. அருணாசலத்தின் பெயராலும் ஒரு மாணவர் விடுதி அங்கே உண்டு. தோட்டத்து மண்ணைக் கல்வி மண்ணாக்கிய அச்செயலின் அழகை, பேராதனையைக் கண்ட எவரும் மறுக்கமாட்டார்.

இத்தனைக்கும் இடையில் பாதுகாப்புப் பணி, ஆணைக்குழுத் தலைமை, நூலெழுத்து என்று ஓயாது உழைத்தார். பின்னர் கேம்பிரிட்ஜிலே டிரினிட்டி ஹால் கல்லூரியின் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1965 டிசம்பரில் மறைந்தார். இலங்கையிலே பதவி வகித்த ஆங்கிலேயருள் நாட்டுக்கு நிலையான ஒன்றைக் கட்டித் தந்து போனவர்களை எண்ணினால், இவருக்கு முன்வரிசையில் இடமுண்டு. அதனை மனமுவந்து சொல்கிறோம்.

சட்டம் எழுதிய கை

இனிக் கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தைக் கட்டிய அதே கை, இந்நாட்டின் அரசியலமைப்பையும் எழுத உதவியது. டி. எஸ். சேனநாயக்காவின் அந்தரங்க ஆலோசகராக இருந்து, 1944ஆம் ஆண்டின் அமைச்சர்கள் நகலை உருவாக்கியதில் ஜெனிங்சுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நகலே பெரும்பாலும் சோல்பரி அரசியலமைப்பாயிற்று.

அதில் 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு ஒன்றிருந்தது. ஒரு சமூகத்தவர்க்கோ மதத்தவர்க்கோ ஏனையோர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் எதனையும் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம். சிறுபான்மையோரின் காவல் இதுவே என்று எல்லாரும் சொன்னார்கள். நம்பினோம்.

1947 தேர்தலில் இந்த மலைநாடு தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் சென்றார், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை சென்றார். கொட்டகலையும் மஸ்கெலியாவும் தத்தம் உறுப்பினரை அனுப்பின. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரக் கொடி ஏறியது. அதே ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அச்சட்டம். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்திலே, தகப்பனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசையல்லாதவர்க்கு வாக்கில்லை என்றது. ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்கள், பிறந்து உழைத்த மண்ணிலேயே நாடற்றவர் ஆயினர். 1952 தேர்தலில் இந்த மக்களுடைய இயக்கத்தின் உறுப்பினர் ஒருவர்தானும் பாராளுமன்றம் செல்லவில்லை.

வழக்காடினோம். கோடாக்கன் பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர் அறிந்த அவ்வழக்கு, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தீர்ப்பு என்ன? தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம். இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆகவே 29ஆம் பிரிவு மீறப்படவில்லை என்பதே தீர்ப்பு.

குறை எங்கே இருந்தது என்று சட்டம் கற்றவர் என்ற முறையிற் சொல்கிறோம். வீட்டுக்குள் இருப்பவர்களிடையே பாகுபாடு காட்டலாகாது என்று அரசியலமைப்பு எழுதி வைத்தது. வீட்டுக்குள் இருப்பவர் யார் என்பதை எழுதாமல், வருங்காலப் பாராளுமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. அந்த ஒரு வெற்றிடத்தின் வழியாகத்தான் ஏழு இலட்சம் பேர் வெளியே தள்ளப்பட்டார்கள்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜெனிங்ஸ் சொற்பொழிவாற்றினார். இந்திய அரசியலமைப்பு மிக நீண்டது, மிக விரிந்தது, எளிதில் வளைந்து கொடுக்காதது என்பது அங்கே அவருடைய விமர்சனம். உரிமைகளை ஏட்டில் எழுதி வைப்பதில் அவருக்கு அன்று பெரும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த நீண்ட அரசியலமைப்பின் 5ஆம் உறுப்பைப் பாருங்கள். இந்தியாவை வதிவிடமாகக் கொண்டு அங்கே பிறந்தவர் குடிமகன். பெற்றோரில் ஒருவர் பிறந்திருந்தாலும் குடிமகன். ஐந்தாண்டு வாழ்ந்திருந்தாலும் குடிமகன் என்று அது தொடக்கத்திலேயே எழுதி வைத்தது. நீளம் என்று பழிக்கப்பட்ட அந்த வரிகள்தாம் ஏழைக்குக் காவலாயின. நம் நாட்டு அரசியலமைப்பின் சுருக்கமோ நம்மைக் கைவிட்டது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. 1956-57இல் மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைந்த ரீட் ஆணைக்குழுவின் ஐந்து உறுப்பினருள் ஜெனிங்சும் ஒருவர். சுதந்திர நாளிலும் அதன் பின்னரும் மலாயாவிற் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமக்கள் என்ற விதியோடு 1957இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் இருந்தனர். அவர்களுக்கும் தொல்லைகள் பல நேர்ந்தன. எனினும் அன்று அங்கே பிறந்த குழந்தைக்குக் கிடைத்த சொல், அட்டனிற் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

நாம் ஜெனிங்சைக் குற்றக்கூண்டில் நிறுத்த வரவில்லை. சட்டத்தை இயற்றியது பாராளுமன்றம்; கை தூக்கியவர்கள் நம் நாட்டு அரசியல்வாதிகள். ஆனால், அறிஞர் எழுதும் ஒரு வாக்கியத்தில் இடம்பெறாத சொல் எத்தனை இலட்சம் மக்களின் தலையெழுத்தை மாற்றவல்லது என்பதற்கு, இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமோ?

திறந்த வாசலும் இல்லாத பாதையும்

1954 ஏப்ரல் 20ஆம் நாள் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில், எடின்பரோ கோமகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்தார். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிறுவனம் ஆதலால், வழக்கத்திலும் பார்க்க அதிகமாகத் திறந்துவிட்டதாக அவர் நகைச்சுவையாய் அறிவித்தார். அச்சொல் கல்லிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்தக் கல்லின் முன் நின்று ஒரு கேள்வி கேட்போம். யாருக்கு அதிகமாகத் திறந்தது?

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாடு இன்றும் நன்றியோடு சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் அதன் பயன் தோட்டத்து எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழே, பெரும்பாலும் ஓராசிரியரோடு, ஐந்தாம் வகுப்பு மட்டில் நின்றன. ஐந்தாம் வகுப்பு முடிந்தால் கையில் கொழுந்துக் கூடை. இல்லையேல் கவ்வாத்துக் கத்தி. அரசாங்கம் இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதாவது, பேராதனையின் வாசல் திறந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

பல்கலைக்கழகத்திலோ 1960 வரை ஆங்கிலமே போதனாமொழி. தமிழிலேயே முழுமையாகப் படிக்க வழியில்லாத பிள்ளை ஆங்கிலத்துக்கு எங்கே போகும்?

ஆக, வாசலில் எந்தக் காவலனும் நின்று நம் பிள்ளையைத் தடுக்கவில்லை. வாசலுக்குப் பாதையே போடப்படவில்லை. துணைவேந்தர் தம் மண்டபத்தின் தரத்தைக் காத்தார். அந்தத் தரத்துக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை எவ்வாறு வந்து சேரும் என்பது அவர் பொறுப்பென்று அவரும் கருதவில்லை, அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. கேட்கவேண்டிய நமக்கோ வாக்கில்லை. வாக்கிழந்தவன் பிள்ளைக்கு வகுப்பறையும் இல்லை என்பதே இந்த வரலாற்றின் பாடம். ஜெனிங்ஸ் தம் வரலாற்றுக்குப் பேராதனைக்கான பாதை என்று பெயரிட்டார். அந்நூல் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் 2005இல் வெளியாயிற்று. அவருக்கு ஒரு பாதை இருந்தது. நம்முடைய பாதையை நாமே வெட்டவேண்டியதாயிற்று.

பெயர் மாறியது, பிடி இறுகியது

ஜெனிங்ஸ் சென்ற பின்னர் என்ன நடந்தது? அவர் காத்த எல்லைக்கோடு ஒவ்வொன்றாக அழிந்தது. 1966ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அமைச்சின் கையை நீட்டியது. 1972இல் வந்த சட்டம் நாட்டின் பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக்கி, ஒவ்வொன்றையும் வளாகம் என்றது. வளாகத்துக்குத் தலைவர் என்ற பதவியை ஏற்படுத்தியது.

அத்தகைய தலைவர்களுள் நாம் மறக்கலாகாதவர் ஒருவர் உண்டு. அவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1933இல் கோலாலம்பூரிற் பிறந்து, ஜெனிங்ஸ் கட்டிய அதே பேராதனையிலே தமிழ் பயின்றவர். தினகரன் ஆசிரியராக இருந்தவர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து, பழந்தமிழ் வீரயுகப் பாடல்பற்றி அவர் எழுதிய நூல் 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

அந்நியமனம் எளிதாக ஏற்கப்படவில்லை. தமிழருக்குத் திருகோணமலையிற் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நெடுங்காலம் குரல் கொடுத்தோர், யாழ்ப்பாண வளாகத்தை அரசாங்கத்தின் தந்திரம் என்றனர். அவர் அரசியற் சார்பினர் என்ற கண்டனமும் எழுந்தது. அக்காலத்திலேயே தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்து தமிழ் இளைஞரின் நெஞ்சைப் புண்ணாக்கியிருந்தன. இந்தச் சூறாவளியின் நடுவே, திருநெல்வேலியிலிருந்த பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களையும் வட்டுக்கோட்டையில் கிடைத்த இடங்களையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு கல்விக்கூடத்தை நடத்திக் காட்டினார். மூன்றாண்டு முடிந்ததும் தலைமையை விட்டிறங்கி, மீண்டும் வகுப்பறைக்குச் சென்று கற்பித்தார். 1982 டிசம்பரில், 49 வயதிலேயே மறைந்தார். அவரது அரசியலோடு உடன்படுவோரும் உண்டு, மாறுபடுவோரும் உண்டு. நாற்காலியை விட்டிறங்கியதும் கரும்பலகைக்குத் திரும்பிய அந்தப் பண்பை மட்டும் இரு சாராரும் வணங்குவர்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மீண்டும் துணைவேந்தரைக் கொண்டுவந்தது. பேரவை மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க, அவர்களுள் ஒருவரை நாட்டின் சனாதிபதி மூன்றாண்டுக்கு நியமிப்பார். பேரவையிலோ, பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து வரும் உறுப்பினரிலும் ஒருவர் கூடுதலாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியுறுப்பினர் இருப்பர். இதனைச் செவி சாய்த்துக் கேளுங்கள்: துணைவேந்தராகத்தக்க மூவர் யார் என்று முடிவு செய்யும் அவையிலே, பல்கலைக்கழகத்தைச் சாராத பொதுமக்களின் ஆசனங்கள் உள்ளன. அந்த ஆசனங்களுக்கு மலைநாட்டவர் பெயர்களை முன்வைத்து நாம் எத்தனை முறை வாதாடியிருக்கிறோம்?

நாம் கேட்கவேண்டியவை

பிரசாவுரிமைப் போராட்டம் நீண்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 மக்களை எண்களாகப் பிரித்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் கதை பின்னும் இழுபட்டது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாற்றான் நாடற்ற நிலை தீர்ந்தது. இன்று நமக்கு வாக்குண்டு, உறுப்பினர் உண்டு. ஆகவே, கேட்க முடியவில்லை என்ற சமாதானம் இனிச் செல்லாது.

இன்றைய அனுமதி முறையில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. சலுகை தாளில் உண்டு. ஆனால் தமிழ்மொழியிலே உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் உள்ள பாடசாலைகள் தோட்டப்புறங்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆய்வுகூடம் இருக்கும் இடத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆய்வுகூடம் இல்லை. வெட்டுப்புள்ளியைத் தாழ்த்தி வைத்துப் பயனென்ன, பரீட்சை எழுதவே பிள்ளை இல்லையாயின்?

மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் மேடையில் ஒலிக்கிறது. பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. நம் நுவரெலியா மாவட்டத்திலும் ஒன்று எழட்டும், வரவேற்போம். ஆனால் கட்டடத்தைக் கேட்கும்போதே பின்வருவனவற்றையும் கேட்போம்.

தலைமை ஏற்பவர் எக்கட்சியின் ஆள் என்று பாராதீர்கள். அமைச்சரின் தொலைபேசிக்கு அஞ்சாது மூதவையின் தீர்ப்பை நிறைவேற்றுபவரா என்று பாருங்கள். ஜெனிங்சிடம் நாம் கற்கவேண்டியது இதுவே.

பதவி முடிந்தால் மாணவரிடம் திரும்பக்கூடிய அறிஞரா என்று பாருங்கள். கைலாசபதியிடம் நாம் கற்கவேண்டியது இது.

இந்த இருவர் காலத்திலும் எழாத கேள்வியை மூன்றாவதாகச் சேர்ப்போம். தம் வாசலிலிருந்து தோட்டப் பாடசாலை வரை பாதை வெட்டுபவரா என்று கேளுங்கள். விரிவுரையாளரையும் மாணவரையும் விடுமுறைக் காலத்தில் அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் அனுப்பி உயர்தர வகுப்பு நடத்தலாம். ஆய்வுகூடத்தை வாரத்தில் ஒருநாள் அயற்பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். தோட்டத்திலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடலாம். இவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்து நடுவே, தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சீதா எலியவில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவற்றைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறிப்பவரும் கிழங்கு நடுபவரும் நம்மவர். அந்த நிலையங்களின் ஆய்வு மேசைகளில் நம் பிள்ளைகளை எத்தனை பேராகக் காண்கிறோம்? மண்ணை அறிந்தவனின் பிள்ளை மண்ணின் விஞ்ஞானத்தை அறிவது பேராசையா? வேளாண் பெருமக்களே, உங்கள் தோட்டத்தின் நோய்க்கு மருந்து சொல்பவர் உங்கள் மொழியிற் சொல்லும் நாள் வரவேண்டுமானால், உங்கள் மகளை உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு அனுப்ப நீங்களும், அந்த வகுப்பை நம் ஊரிலேயே நடத்த நாமும் உறுதி கொள்ளவேண்டும்.

கற்றுயர்ந்த நண்பர்களே, உங்களிடமும் ஒன்று. தேயிலை நாற்றைப் பாத்தியிலே நிழல் கொடுத்து வளர்த்துத்தான் மலையில் நடுகிறோம். நட்ட நாளன்றே எவரும் கொழுந்து கேட்பதில்லை. கல்வியும் அப்படித்தான். நீங்கள் ஒருவர் மேலேறினால், கீழே பத்து நாற்றுக்கு நிழலாக நில்லுங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு வகுப்பு, ஒரு பாடம். இதனைத் தொழிற்சங்கக் கட்டடத்திலோ கோயில் மண்டபத்திலோ நடத்தலாம். பேரவை ஆசனங்கள் வெற்றாகும் காலத்தை அறிந்து, தகுந்தவர் பெயரை எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லாவிட்டால், தகவலறியும் உரிமை பற்றிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத நாம் இருக்கிறோம்.

தோழர்களே! சட்டத்திலே எழுதப்படாத ஒரு சொல்லால் ஒரு தலைமுறை நாட்டை இழந்தது. போடப்படாத ஒரு பாதையால் அடுத்த தலைமுறை கல்வியை இழந்தது. மூன்றாவது தலைமுறையும் இழக்குமானால், அந்தப் பழியை ஜெனிங்சின் மீதும் போட முடியாது. சேனநாயக்காவின் மீதும் போட முடியாது. பேராதனைச் சந்தி தேயிலை இறங்கும் இடமன்று என்பது நமக்குத் தெரியும். அங்கே இறங்கவேண்டியவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்குரிய பயணச்சீட்டை நம் ஊர் வகுப்பறைகளிலே நாம் தயாரிப்போம்.